பிரிக்பீல்ட்ஸ் மாடித் தையல்கடையும் ஒரு நார்வே ஸ்கீ உடையும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தையல்கடைக்கா பஞ்சம்? ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடை, நகைக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக்கடை எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கே திரும்பினாலும் ரவிக்கை தைத்துத் தருவதாக ஒரு பலகை தொங்கும். ஆனால் ஸ்கீ ஜம்பிங் உடை தைத்துத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் சிரித்தார்கள். இன்னொரு கடையில் "பனியே இல்லாத ஊர்ல எதுக்குங்க?" என்று எதிர்க்கேள்வி கேட்டார்கள். சிரிக்காத ஒரே ஆள் இந்த அக்காதான். "படம் வச்சிருக்கியாம்மா, காட்டு" என்றார்.

கடையின் பெயரை எழுதக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தீபாவளி நேரத்தில் இப்போதே இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆர்டர் புத்தகத்தை மூடுகிறாராம், இன்னும் கூட்டம் சேர்ந்தால் தூங்க முடியாதாம். அதனால் அடையாளம் மட்டும்: பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் பழைய கடைவீட்டின் மாடி. கீழே கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடை. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டிவலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருவது நல்லது. கார் எடுத்து வந்தால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி உயிர் போய்விடும்.

சரி, எதற்கு ஸ்கீ உடை? என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் மாறுவேடப் போட்டி, தலைப்பு விளையாட்டு வீராங்கனை. உடை போட்டுக்கொண்டு அந்த வீராங்கனையைப் பற்றித் தமிழில் பேசவும் வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பூப்பந்து ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிசோனா, தீனா என்று கிளம்பிவிட்டார்கள். ஸ்குவாஷ் வீராங்கனை, பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட்டுக்கும் ஆள் வந்தாயிற்று. இவள் மட்டும் மாரென் லுண்ட்பி என்றாள். "யாருடி அது?" என்று கேட்டதற்கு யூடியூபில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினாள். தலைக்கவசம் போட்ட ஒரு பெண் உயரமான சரிவில் குந்தியபடி வழுக்கிக்கொண்டு வருகிறாள். விளிம்பு வந்ததும் எழும்புகிறாள். அப்புறம் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, மூக்கு ஸ்கீ நுனியில் இடித்துவிடும் போலச் சாய்ந்து காற்றில் போகிறாள், போகிறாள், இறங்கவே மாட்டேன் என்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அடிவயிறு கூசியது.

லுண்ட்பி நார்வேயின் ஸ்கீ ஜம்பிங் வீராங்கனை, 1994 செப்டம்பரில் பிறந்தவர். ஓஸ்லோவுக்கு வடக்கே டோட்டன் என்ற விவசாயப் பகுதியில் கொல்பு என்று ஒரு சின்ன ஊர், அந்த ஊர்ச் சங்கத்துக்காகத் தாவி வளர்ந்தவர். பெண்களுக்கான உலகக் கோப்பைத் தொடர் முதன்முதலாக 2011 டிசம்பரில் லில்லஹாமரில் தொடங்கியபோது அவருக்கு 17 வயது. 2014ல் சோச்சி ஒலிம்பிக்கில் எட்டாம் இடம். 2018ல் தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் தங்கம். கடுங்குளிர், காற்று வேறு அலைக்கழித்த இரவு அது. முதல் சுற்றில் முன்னணியில் இருந்ததால் கடைசி ஆளாக இறங்கி 110 மீட்டர் தாவினார். ஜெர்மனியின் கத்தரினா அல்ட்ஹவுஸுக்கு வெள்ளி, ஜப்பானின் சாரா தகனாஷிக்கு வெண்கலம். அந்தப் பருவத்தில் தொடங்கி 2018, 2019, 2020 என்று வரிசையாக மூன்று முறை உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்த வெற்றியும் அவருக்குத்தான். இடையில் 2019ல் ஸீஃபெல்டில் உலகச் சாம்பியன். நம் மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பியதும் அதே பியோங்சாங்குக்குத்தான்: பனிநடனத்துக்கு ஜூலியன் யீ, மலைச்சறுக்குக்கு ஜெஃப்ரி வெப். அது என் மகள் பேச்சில் சேர்த்துக்கொண்ட தகவல், ஆசிரியைக்கே தெரிந்திருக்கவில்லை.

சோச்சியில் எட்டாம் இடமா என்று சாதாரணமாகத் தாண்டிப்போகக் கூடாது. ஆண்களின் ஸ்கீ ஜம்பிங் 1924லிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெண்களை உள்ளே விட்டது 2014ல்தான். தொண்ணூறு வருடம்! திறமை இல்லாமலா? 1930களில் நார்வேயின் யோஹன்னா கொல்ஸ்டாட் சொந்த நாட்டில் போட்டியில் சேர்க்கப்படாமல் அமெரிக்காவுக்குப் போய்த் தாவினார். 1938ல் அங்கே 72 மீட்டர் போனார். 1976ல் இன்னொரு நார்வேப் பெண் அனிதா வோல்ட் ஜப்பானின் சப்போரோவில் 97.5 மீட்டர். அதற்கெல்லாம் பிறகும், 2005ல், பன்னாட்டு ஸ்கீ சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஜியான் ஃபிராங்கோ காஸ்பர், மருத்துவ ரீதியில் இது பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்று பேசினார். 2009ல் வீராங்கனைகள் கனடாவில் வழக்குப் போட்டார்கள். நீதிபதி பாகுபாடு நடந்திருப்பது உண்மைதான் என்று சொல்லிவிட்டு, கனடாச் சட்டத்தால் ஒலிம்பிக் குழுவைக் கட்டுப்படுத்த முடியாது என்று கையை விரித்துவிட்டார். இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது தையல் அக்கா மெஷினை நிறுத்தினார். "மருத்துவமா? பிள்ளை பெக்கறவளுக்கு குதிக்க முடியாதாமா?" என்றார். என் மகள் அதை அப்படியே பேச்சில் சேர்க்கப் பார்த்தாள், நான்தான் தடுத்தேன்.

இப்போது அளவெடுத்த கதைக்கு வருகிறேன். இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் போடுவது முக்கியமாக இதற்குத்தான்.

பொதுவாக அளவெடுப்பது எப்படி நடக்கும்? பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்வார்கள், இஞ்சு டேப்பைச் சுற்றுவார்கள், நம்பரைத் துண்டுச்சீட்டில் கிறுக்குவார்கள், முடிந்தது. அக்கா டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் என் கைத்தொலைபேசியை வாங்கி அந்தக் காணொளியை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். லுண்ட்பி குந்தியபடி வழுக்கி வரும் இடத்தில் நிறுத்தினார். பறக்கும் இடத்தில் நிறுத்தினார். இறங்கும் இடத்திலும் நிறுத்தினார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முட்டி மடிந்து, கை இரண்டும் விரிந்து இருக்கும் அந்த நிலைக்கு டெலிமார்க் என்று பெயர், அப்படி இறங்காவிட்டால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள் என்று என் மகள் விளக்கம் கொடுத்தாள். அக்கா கேட்டது வேறு. "குந்தறதுக்கு முதுகுல துணி வேணும். பறக்கறப்ப அதே துணி தொங்கக்கூடாது. ரெண்டுக்கும் ஒரே உடுப்பா? நீ மேடையில இதெல்லாம் செஞ்சு காட்டுவியா, இல்ல சும்மா நிப்பியாம்மா?"

செய்து காட்டுவேன் என்றாள் இவள். அப்போதுதான் டேப் வெளியே வந்தது. நிற்க வைத்துக் கழுத்தெலும்பிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை ஒரு அளவு. பிறகு கட்டையின் மேல் ஏற்றிக் குந்த வைத்து அதே இடத்தில் இன்னொரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். கையை விரிக்கச் சொல்லி அக்குளுக்குக் கீழே ஒரு அளவு. காலை முன்னே பின்னே வைக்கச் சொல்லித் தொடையில் ஒன்று. எண்களை உரக்கச் சொல்லாமல், கடையில் உதவிக்கு இருக்கும் தம்பியின் நோட்டில் அவரே எழுதினார். இந்தச் சின்ன விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

உண்மையான ஸ்கீ ஜம்பிங்கிலும் பாதிச் சண்டை இந்த டேப்பில்தான். தாவும் சரிவைத்தான் மேடை என்கிறார்கள், அதில் சின்னது, பெரியது உண்டு. பெரிய மேடையில் ஏறக்குறைய மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் விளிம்பை விட்டுக் கிளம்புகிறார்கள். அதற்குப் பிறகு தூக்கிப்பிடிப்பது காற்று. துணி எவ்வளவு பரப்பாக இருக்கிறதோ அவ்வளவு காற்று பிடிக்கும். கால் இரண்டும் பிரியும் இடத்தில் துணி கீழே இறங்கியிருந்தால் பறக்கும் அணிலுக்கு இருப்பதுபோல் நடுவில் ஒரு சவ்வு கிடைத்துவிடும். அதனால் உடலளவை விடச் சில சென்டிமீட்டர்தான் துணி கூடலாம் என்று விதி. துணி காற்றை உள்ளே விடவும் வேண்டும், சதுர மீட்டருக்கு வினாடிக்குக் குறைந்தது 40 லிட்டர். போட்டி நடக்கும் இடத்திலேயே ஆளை நிறுத்தி அளப்பார்கள். கூடினால் தகுதிநீக்கம், அந்தத் தாவல் கணக்கில் வராது.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண், பெண் கலந்து தாவும் குழுப் போட்டியில் ஒரே நாளில் ஐந்து வீராங்கனைகளை இப்படி நீக்கினார்கள். தகனாஷி, அல்ட்ஹவுஸ், ஆஸ்திரியாவின் டானியேலா இராஷ்கோ-ஸ்டோல்ஸ், அப்புறம் நார்வேயின் அன்னா ஒடினே ஸ்ட்ரோம், சில்யே ஓப்சேத். ஐவரும் பெண்கள். வழக்கமாக அளக்கும் விதத்தில் அன்று அளக்கவில்லை, நிற்கச் சொன்ன விதமே வேறு என்று அவர்கள் தரப்பில் புகார் சொன்னார்கள். விதி மாறவில்லை என்றது சம்மேளனம். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கைய கீழ போட்டா ஒரு அளவு, தூக்கினா ஒரு அளவு. மூச்ச இழுத்தா ஒண்ணு, விட்டா ஒண்ணு. டேப்ப யார் புடிக்கிறாங்கன்னு பாக்கணும்" என்றார். நாற்பது வருடமாக அதைப் பிடித்தவர் பேச்சு.

ஆண்கள் பக்கம் இன்னும் மோசம். 2025 மார்ச்சில் ட்ரோண்ட்ஹைமில் உலகச் சாம்பியன் போட்டி, நார்வேயின் சொந்த மண். அதிகாரிகள் ஏற்கெனவே சோதித்து, அடையாளத்துக்கு மின்னணுச் சில்லு வைத்து அனுப்பிய உடையை அணியினர் ரகசியமாகப் பிரித்துத் தைக்கும் காணொளி வெளியே வந்துவிட்டது. தையலைப் பிரித்துப் பார்த்தபோது, கால் பிரியும் இடத்தில் கெட்டியான நூலை உள்ளே வைத்துத் தைத்திருந்தது தெரிந்தது. மாரியுஸ் லிண்ட்விக், யோஹான் ஆண்ட்ரே ஃபோர்ஃபாங் இருவரும் பெரிய மேடைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். லிண்ட்விக் யாரோ எவரோ இல்லை, பெய்ஜிங்கில் பெரிய மேடைத் தங்கம் வாங்கியவர், அன்றைக்கும் இரண்டாவதாக வந்திருந்தார். பயிற்சியாளர் மாக்னுஸ் பிரெவிக் செய்ததை ஒப்புக்கொண்டார். அந்தக் காணொளியை அக்காவுக்குக் காட்டினேன். கெட்டி நூலால் என்ன ஆகிவிடும் என்று எனக்குப் புரியாமலே இருந்தது. அவர் ஒரு துண்டுத் துணியை எடுத்து, மடித்த ஓரத்தில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நூலைக் கொடுத்து ஓட்டித் தைத்து என் கையில் கொடுத்தார். தொங்கிக்கொண்டிருந்த துணி விறைத்துக்கொண்டு நின்றது. "காத்துல மடங்காது பாரு. அவ்வளவுதான் வித்தை." விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் பத்தி பத்தியாக விளக்கியது எனக்கு அந்த ஒரு துண்டுத் துணியில் புரிந்தது.

ஆனால் தகராறும் இங்கேதான் வந்தது. நம் ஊர் அம்மாக்கள் பிள்ளைக்குத் துணி தைக்கக் கொடுக்கும்போது வாயில் முதலில் வரும் வாக்கியம் என்ன? "கொஞ்சம் விட்டுத் தைங்க, வளர்ற பிள்ளை." நானும் அதையே சொன்னேன். துணிக்குக் காசு கொடுத்திருக்கிறேன், அடுத்த வருடமும் எதற்காவது போடட்டுமே. என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "விட்டுத் தைச்சா டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்கம்மா!" அக்கா இருவரையும் பார்த்தார். வெளியே பார்ப்பதற்கு உடலோடு ஒட்டி, உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சு துணியை மடித்து வைத்துத் தைத்துவிட்டார். பிரித்துவிட்டால் அடுத்த வருடமும் ஆகும். ட்ரோண்ட்ஹைமில் இருந்திருந்தால் அக்காவையும் பிடித்திருப்பார்கள்.

இப்போது அந்த நோட்டு விஷயம். என் மகள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். இதற்கு முன் பள்ளிச் சீருடைக்கு ஒரு கடையில் அளவெடுத்தபோது அங்கிருந்தவர் இடுப்பளவை உரக்கச் சொல்லிவிட்டு, "என்ன பாப்பா, நாசி லெமாக்கைக் குறைச்சா சட்டை நல்லா நிக்கும்" என்று நாலு பேருக்கு முன்னால் சிரித்தார். அதற்குப் பிறகு இவள் எந்தக் கடையிலும் அளவு கொடுக்க வர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். பழைய உடையைக் கொடுத்துத்தான் தைத்து வாங்கிக்கொண்டிருந்தோம். லுண்ட்பியை இவள் ஏன் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 110 மீட்டர் தாவியது மட்டும் காரணம் இல்லை.

இந்த விளையாட்டில் எடை குறைந்தால் தூரம் கூடும். அதனால் பிள்ளைகள் சாப்பிடாமல் கிடப்பது பழைய வியாதி. அதைத் தடுக்கத்தான் 2004 வாக்கில் ஒரு விதி வந்தது: ஸ்கீயின் நீளம் உயரத்தைப் பொறுத்தது, இப்போதைய கணக்கில் 145 விழுக்காடு வரை போகலாம், ஆனால் உயரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் உடல் நிறை எண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஸ்கீயைக் குட்டையாக்கிவிடுவார்கள். குட்டை ஸ்கீ என்றால் காற்றில் தாங்கல் குறைவு. விதி வந்தும் ஆசை போகவில்லை. எல்லோரும் அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கப் பார்க்கிறார்கள்.

2021 மார்ச்சில் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் பெண்களுக்கு முதன்முறையாகப் பெரிய மேடையில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது தங்கம் லுண்ட்பிக்கு. அதே ஆண்டு அக்டோபரில் அவர் நார்வே தொலைக்காட்சியில் உட்கார்ந்து, என் உடல் மாறிவிட்டது, சில கிலோ கூடியிருக்கிறது, அதைக் கரைப்பதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள நான் தயாரில்லை, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போகப்போவதில்லை என்று சொன்னார். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு பேசினார். ஒலிம்பிக் தங்கத்தைக் காப்பாற்ற நாலு மாதம் பட்டினி கிடந்தால் போதும் என்று நினைக்கும் உலகத்தில், 27 வயதில் அப்படிச் சொல்ல ஒரு தில் வேண்டும். அந்தப் பருவம் முழுக்கத் தாவவில்லை. அடுத்த பருவத்தில் திரும்பி வந்தார். 2023ல் பிளானிட்சாவில் பெரிய மேடையில் வெள்ளி, கனடாவின் அலெக்ஸாண்ட்ரியா லூட்டிட்டுக்கு அடுத்து. பெண்களையும் ஸ்கீ ஃபிளையிங் என்ற ராட்சத மேடைகளில் தாவ விட வேண்டும் என்று விடாமல் கேட்டவர்களில் அவரும் ஒருவர். 2023 மார்ச்சில் விக்கர்சுண்டில் அதுவும் நடந்தது. 2026 மிலானோ-கோர்ட்டினாவில் பெண்களுக்குப் பெரிய மேடைப் போட்டியும் சேர்ந்தது.

இதையெல்லாம் அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எண்ணை உரக்கச் சொல்லாமல் அவரே எழுதினார். கேட்டதற்கு, "வயசுப் பொண்ணுங்க அளவ கூவி விக்கிறதா?" என்றார். என் மகள் அடுத்த முறை தானாகவே படியேறினாள். இந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க எனக்கு இது போதும். மீதி இருக்கும் குறைகளுக்காகத்தான் ஒன்றைக் குறைக்கிறேன்.

குறை ஒன்றும் சின்னது இல்லை. முதலில் துணி. அசல் உடை பஞ்சு போன்ற அடுக்குகளை ஒட்டிச் செய்த தடித்த துணி. அது நமக்கு எங்கே கிடைக்கும்? அக்கா எழுதிக்கொடுத்த சீட்டோடு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் முழுக்க அலைந்து சிவப்பில் தடித்த ஸ்கூபா துணி எடுத்தேன், மீட்டர் 22 வெள்ளி (ரிங்கிட்). துணி நன்றாக நிற்கிறது, ஆனால் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 40 லிட்டரா, நாலு சொட்டுக்கூடப் போகாது. கோலாலம்பூர் வெயிலில் போட்டுப் பார்த்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை தொப்பலாக நனைந்துவிட்டாள். இந்தத் துணியில் இப்படி வேர்க்கும் என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. புகார் சொன்ன பிறகு முதுகிலும் அக்குளிலும் துண்டு வெட்டி வலைத்துணி வைத்துக்கொடுத்தார், அதற்குத் தனியாக 15 வெள்ளி வாங்கினார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

தையலில் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரித் தடித்த துணியில் சாதாரண ஊசி குத்தினால் தையல் விட்டு விட்டுப் போகும். அந்தத் தம்பி முதலில் ஓட்டிய தோள்பட்டை அப்படித்தான் பல்லிளித்தது. அக்கா பார்த்தார், ஒன்றும் பேசாமல் பிரித்தார், சாதாரண ஊசியை எடுத்துவிட்டு முனை மழுங்கிய ஊசியை மாட்டினார், துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்து நீளத் தையலாக ஓட்டிவிட்டு காகிதத்தைக் கிழித்து எடுத்தார். ஓரங்களை ஓவர்லாக் அடித்தார். நான் முழங்கால், தொடை எல்லா இடத்திலும் இழுத்துப் பார்த்துவிட்டேன், ஒரு நூல் அசையவில்லை. பிள்ளை குந்தினாள், எழுந்தாள், சாய்ந்தாள். முதுகில் இழுக்கவில்லை, இடுப்பில் தொங்கவில்லை. குந்த வைத்து அளந்த அளவு வீண் போகவில்லை.

ஜிப் மட்டும் சரியில்லை. கழுத்திலிருந்து கீழே இறங்கும் நீள ஜிப், மலிவு விலைச் சரக்கு. நெஞ்சுக்கு நேராக வரும்போது சிக்கிக்கொள்கிறது. மாற்றச் சொன்னேன், மெழுகு தேய்த்துத் தந்தார். மெழுகு தேய்ந்தால் மறுபடி சிக்குகிறது.

நேரம்? அதைக் கேட்காதீர்கள். வியாழன் என்றார், வெள்ளி என்றார், சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான் கைக்கு வந்தது. திங்கள் காலை போட்டி. நடுவில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும். போட்டுப் பார்க்கும் இடத்துத் திரை முழுதாக மூடாது, ஒரு பக்கம் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அளவைக் கூவாத அக்காவின் கடையில் இப்படி ஒரு திரையா என்று நான் கேட்டுவிட்டேன். வளையம் வாங்கி வைத்திருக்கிறாராம், மாட்ட நேரமில்லையாம்.

கூலி விவரம் கேட்பீர்கள். உடைக்குத் தைகூலி 130 வெள்ளி, வலைத்துணிக்கு முன்சொன்ன 15, ஜிப் 8. துணி நாம்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். கார்டு கிடையாது, ரொக்கம் அல்லது கியூஆர். மறுபடி இறுக்கவோ தளர்த்தவோ முதல் மாதம் காசு வாங்குவதில்லை. இந்த வேலைக்கு 130 அதிகம் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அவர் மட்டும் என்னவாம், ஸ்கீ செய்கிறேன் என்று தடித்த அட்டையை அளந்தார்: பிள்ளையின் உயரம் 140 சென்டிமீட்டர், 145 விழுக்காடு என்றால் 203. விதிப்படியே வெட்டுவேன் என்று பிடிவாதம். மைவி காரில் முன் இருக்கையை மடக்கி அந்த 203 சென்டிமீட்டரை ஏற்றிக்கொண்டு போனோம், நான் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு கிசோனாவுக்கு, ராக்கெட்டைச் சுழற்றிய விதத்துக்கே கொடுக்கலாம், நியாயமான தீர்ப்புதான். மேடையில் இவள் குந்தி, எழுந்து, சாய்ந்து, டெலிமார்க் வைத்து நின்றபோது பின்வரிசையில் ஒரு தாத்தா விசிலடித்தார். பெய்ஜிங்குக்குப் போகமாட்டேன் என்று லுண்ட்பி சொன்ன இடத்தை இவள் பேசியபோது பெண் ஆசிரியைகள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

யாரெல்லாம் இந்தக் கடைக்குப் போகலாம்? நாட்டியம், சிலம்பம், நாடகம் என்று உடலை வளைத்துச் செய்கிற எதற்கும் உடை வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள், ஆடிக்காட்டும் காணொளியைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு கொடுக்கக் கூச்சப்படும் பிள்ளை வீட்டில் இருந்தாலும் இங்கேதான். கல்யாணச் சேலைக்கு ரவிக்கை தைக்க நான் இங்கே கொடுக்க மாட்டேன். அக்காவின் கழுத்து வடிவங்கள் எல்லாம் பழைய பாணி, கைவேலையும் சுமார். அவசரம் என்றாலும் வேண்டாம். துணியை மட்டும் அவர் சொல்வதற்கு முன்னால் வாங்கிவிடாதீர்கள், வேர்க்குமா என்று நீங்களே கேளுங்கள். ஜிப்பையும் நல்லதாக நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆடி மாதமே படியேறிவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.